எல்லாமே இடது கை

"நல்லாத்தானே இருக்கே" என்று யாராவது சொன்னால் போதும், அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். அதுதான் இன்னும் மோசம். திட்டினால் திருப்பித் திட்டலாம். அன்பாகச் சொன்னால் பல்லைக் காட்டி, "ஆமாங்க, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, இருக்கிற கொஞ்சநஞ்ச மூச்சில் அந்தப் பொய்க்கும் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு மாடிப்படி ஏற வேண்டும்.

அந்த மாடிப்படியைக் கட்டியவன் மட்டும் அவள் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. தையல் பட்டறை இரண்டாவது மாடியில். கீழே பெயின்ட் கடை, முதல் மாடியில் எந்நேரமும் பூட்டியே கிடக்கும் ஏதோ ஓர் அலுவலகம். அந்தப் பூட்டிய கதவுக்கு எதிரே தினமும் காலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். யாராவது ஏறி வரும் சத்தம் கேட்டால் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்வாள். அந்தச் செருப்பில் வாரே கிடையாது. இதுவரை ஒருவருக்கும் அது கண்ணில் பட்டதில்லை.

பட்டறையில் அவளுக்குப் பெயர் கத்திரி. துணி வெட்டுகிறவள் என்பதால் பாதி, அவள் வாயால் மீதி. சுற்றிலும் எத்தனையோ தையல் மெஷின்கள் ஓடினாலும் வெட்டு மேசை ஒன்றே ஒன்றுதான். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே வடிவ அட்டையை வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கத்தி மெஷினால் மொத்த அடுக்கையும் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். மேசையில் ஒரு நூல் பிசகினால் எல்லா மெஷினிலும் பிசகும். கல்யாணமான வருஷத்திலிருந்து அந்த மேசை அவளுடையது. கோணல் என்ற சொல்லை அதன் பக்கத்தில் நின்று உச்சரிக்கும் தைரியம் அங்கே யாருக்கும் இருந்ததில்லை.

போன வருஷம் மார்பில் ஒரு கட்டி. அறுவை, மருந்து, கதிர்வீச்சு என்று ஒன்று விடாமல் பார்த்தாயிற்று. உதிர்ந்த முடியும் திரும்ப முளைத்துவிட்டது. முன்னைவிடச் சுருட்டையாக முளைத்ததில் நாத்தனாருக்குக் கொஞ்சம் பொறாமைகூட. உண்மையைச் சொன்னால் அந்த முடிதான் அவளுக்கு எதிரி. தலை மொட்டையாக இருந்தவரை பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள், கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்கள். முடி வந்ததும் பையும் அவள் கைக்கே திரும்ப வந்துவிட்டது.

ஆனால் களைப்பு மட்டும் போகவில்லை. தூக்கத்துக்கு ஏங்குகிற களைப்பு அல்ல அது. வேலை செய்த களைப்பும் அல்ல. அது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அதற்கு ஒரு டீயும் கால் நீட்ட ஓர் இடமும் போதும். இது காலையில் கண் திறப்பதற்கு முன்பே விழித்து உட்கார்ந்திருக்கும். பல் தேய்த்துவிட்டு உட்கார வேண்டும். தலையில் பாதியை வாரி, கையைக் கீழே போட்டு ஆற்றிவிட்டுத்தான் மீதிப் பாதி. நனைந்த கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கழற்ற வழி தெரியாமல் நாள் முழுக்கத் திரிவதுபோல் இருந்தது.

பெரிய டாக்டர் கடைசியாகப் பார்த்தபோது இரண்டு விஷயம் சொன்னார். ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது என்பது ஒன்று. இரண்டாவதை அவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகத்தான் சொன்னார். "இந்தக் களைப்பு உடனே போகாதும்மா. ட்ரீட்மென்ட் முடிஞ்ச பிறகும் நிறையப் பேருக்கு மாசக்கணக்குல இருக்கும், சிலருக்கு அதுக்கு மேலேயும் இருக்கும். ரத்தமெல்லாம் பார்த்தாச்சு, வேற கோளாறு எதுவும் இல்ல. கொஞ்சம் நடங்க. வேலையைப் பிரிச்சுப் பிரிச்சுச் செய்யுங்க, நடுவுல ஓய்வெடுங்க. முடியலைன்னா முடியலைன்னு வாயைத் திறந்து சொல்லுங்க." முதல் விஷயம் காதில் விழுந்ததுமே கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவுக்குப் போன் போட வெளியே ஓடிவிட்டான். இரண்டாவதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

கணவனுக்குக் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் வேலை. அவனைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகைப் பொருள்தான் உண்டு, ஓடுவது, ஓடாதது. கம்ப்ரஸரை மாற்றிக் கேஸ் ஏற்றிவிட்டால் ஓட வேண்டும். ஓடியும் குளிராத பெட்டியை அவனுக்குப் பிடிக்காது. அவள் "இன்னைக்கு முடியலைங்க" என்று ஆரம்பித்தால் அவன் முகம் சட்டென்று வெளிறிவிடும். அடுத்த நிமிஷமே, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ நல்லாத்தான் இருக்கே, ரிப்போர்ட்தான் சுத்தமா இருக்கே" என்று பூசி மெழுகிவிடுவான். ரிப்போர்ட் சுத்தமாக இருக்கட்டும். மாடிப்படி ஏறுவது ரிப்போர்ட்டா, அவளா?

நாத்தனார் இன்னொரு ரகம். அடுத்த தெருவில்தான் வீடு, ஆனால் பாதிப் பொழுது இங்கேதான். "எல்லாம் மனசுதான்" என்பது அவள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம். "நீயே களைப்பு களைப்புன்னு நெனச்சா உடம்பு அதைப் புடிச்சுக்கும். என்னைப் பாரு, எனக்கு இல்லாத களைப்பா? நான் சொல்லிக்கிறேனா?" என்பாள். உண்மையில் காலை முதல் இரவு வரை அவள் சொல்லிக்கொள்வது அதைத்தான். "சரி அண்ணி" என்று கத்திரி பதில் சொல்லிவிட்டு, கையிலிருக்கும் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைப்பாள். முன்பெல்லாம் இப்படி ஒருத்தி பேசினால் நாக்கால் நறுக்கிவிட்டிருப்பாள். இப்போது சண்டை போடக்கூடத் தெம்பில்லையே என்பதில்தான் அவளுக்குப் பாதிக் கோபம்.

வேலைக்குத் திரும்பும் நாள் வந்தபோது கணவனே ஒரு நாள் முன்னதாகப் பட்டறைக்குப் போனான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலாளியம்மாவிடம், "மேடம், முழுசா சரியாயிடுச்சு. பழையபடி நாள் முழுக்க நிக்கலாம், நான் பொறுப்பு" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தான். நல்லது செய்துவிட்டோம் என்று அன்று முழுக்க அவனுக்கு ஒரே பூரிப்பு. அவள் மறுத்துப் பேசவில்லை. பேசினால் மேசை போய்விடும். அவள் இல்லாத மாதங்களில் அந்த மேசைக்கு இன்னொருத்தி வந்துவிட்டிருந்தாள்.

அந்தப் புதியவளுக்குப் பட்டறை வைத்த பெயர் சின்னக் கத்திரி. இந்தப் பெயரைக் கேட்டபோது இவளுக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. ஆனால் கெட்டவள் என்று சொல்ல முடியாது. ஒழுங்கான பெண், சுத்தமான வேலை, வாய்க்கு வாய் "அக்கா". சண்டை போட ஒரு சாக்குக்கூடக் கொடுக்காதவளோடு எப்படிச் சண்டை போடுவது?

சில வாரம் இருவரும் மாறி மாறி வெட்டினார்கள். அதற்கு மேல் முதலாளியம்மா சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு பேரை மேசையில வச்சுக்க என்னால முடியாது. ஒருத்தர் வெட்டட்டும், இன்னொருத்தர் பட்டன், பிசிறு பாக்குற பக்கம் போகட்டும். பஸ் கம்பெனி ஆர்டரை நீ வெட்டு. பழையபடி வெட்டிட்டேன்னா மேசை உனக்கு" என்றார். பட்டன் பக்கம் என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து நூல் பிசிறு கத்தரிக்கிற வேலை. உட்கார்ந்து செய்யலாம்தான். ஆனால் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தால் தன்னை நோயாளி என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டதாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

பஸ் ஓட்டுநர்களுக்கான குளிர்கோட்டு அது. உடம்பு சாம்பல் நிறம், கை கருநீலம். சாம்பல் துணியைக் காலையிலேயே வெட்டி முடித்துவிட்டாள். எல்லாரும் டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் துணி அறைக்குள் நுழைந்தாள். "நூல் கலர் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். உள்ளே துணி ரோல்களுக்குப் பின்னால், சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம் இருந்தது. திருடனைப்போல் அங்கே போய்ப் படுப்பாள்.

இது தெரிந்தவர் ஒரே ஒருவர், விரிப்பண்ணன். துணி விரிப்பது அவர் வேலை. தலை நரைத்தவர், அதிகம் பேசாதவர். அவள் உள்ளே இருக்கும்போது யாராவது அந்தப் பக்கம் வந்தால் இரும்பு அளவுகோலைத் தவறியதுபோல் கீழே போடுவார். அந்தச் சத்தத்தில் அவள் எழுந்து நூல்கண்டோடு வெளியே வருவாள். "என்னண்ணே, கைக்கு என்ன ஆச்சு, இப்பல்லாம் எதையாவது போட்டுக்கிட்டே இருக்கீங்க?" என்று தையல்காரர்கள் கேலி செய்வார்கள். "வயசாகுதுப்பா" என்பார்.

அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. விரிப்பதற்கு முன் விரிப்பண்ணன் ரோலைத் தோளில் வைத்துக்கொண்டு மேசை முன் நின்று, "முகமா, முதுகா?" என்று கேட்பார். துணியின் வெளிப்பக்கம் முகம், உள்பக்கம் முதுகு. "முகம்" என்று பதில் வந்தால் அடுக்குகள் ஒன்றையொன்று முகம் பார்த்துப் படுக்கும். மேலே இடது கை அட்டையை மட்டும் வைத்து வெட்டினால் போதும், ஓர் அடுக்கு இடது கையாகவும் எதிர் அடுக்கு வலது கையாகவும் விழும். "முதுகு" என்றால் எல்லா அடுக்கும் ஒரே பக்கம் பார்த்துக் கிடக்கும். அப்போது இடது கைக்கு ஓர் அட்டை, வலது கைக்கு ஓர் அட்டை என்று தனித்தனியாக வைத்தாக வேண்டும். கத்திரி எப்போதும் முகம். சின்னக் கத்திரி எப்போதும் முதுகு, அதில்தான் தப்புக்கு இடமில்லை என்பாள். எதுவானாலும் கேட்காமல் ரோல் பிரியாது.

அன்று மட்டும் கேட்காமல் பிரிந்தது. டீ முடிந்து, கருநீல ரோலைத் தோளில் தூக்கிக்கொண்டு விரிப்பண்ணன் துணி அறையை எட்டிப் பார்த்தார். அவள் வாயைத் திறந்துகொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. சத்தம் போடாமல் போய், ஆறேழு மாதமாகக் கை பழகிய விதத்தில் விரித்துவிட்டார். அந்த மாதங்களில் மேசையில் நின்றவள் சின்னக் கத்திரி.

விழித்தெழுந்து அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள் பார்த்தது, கச்சிதமாக விரித்து ஓரம் சேர்த்து வைத்த துணியை. "விரிச்சாச்சும்மா. வெட்டுறதுதான் பாக்கி" என்றார் அவர்.

மேல் அடுக்கைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. மூலையைத் தூக்கி அடுத்த அடுக்கைத் தடவிப் பார்க்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாததல்ல, அந்தப் பட்டறைக்கே அவள் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் எதிரே சின்னக் கத்திரி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மூலையைத் தூக்கினால், "ஏன்க்கா, விரிக்கும்போது நீங்க இல்லையா?" என்று கேட்பாள். இல்லை என்று சொன்னால், எங்கே போயிருந்தாய் என்று வரும். அந்தக் கேள்வி வரவே கூடாது என்ற ஒரே நினைப்பில் அவள் இடது கை அட்டையை எடுத்து வைத்துக் கோடு போட்டாள். இரும்புக் கையுறையை மாட்டினாள். கத்தி மெஷினை ஓட்டினாள். வளைவில்கூட ஒரு நடுக்கமில்லை. திரும்பி வந்த பிறகு இவ்வளவு அழகாக அவள் வெட்டியதே இல்லை.

மறுநாள் காலையில் கை பொருத்துகிற தையல்காரிதான் முதலில் கண்டுபிடித்தாள். வெட்டிக் கட்டி வைத்த கைத்துணியில் இரண்டு கட்டைப் பிரித்தாள், மூன்றாவதைப் பிரித்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "ஏம்ப்பா, இந்த பஸ் கம்பெனியில டிரைவருங்களுக்கு ரெண்டுமே இடது கைதானா?" பக்கத்து மெஷின்காரன், "எல்லாரும் ஒரே பக்கம் வண்டியைத் திருப்புவாங்க போல" என்றான். சிரிப்பு ஒரு சுற்று வந்தது. அது வெட்டு மேசை வரை வந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுபோயிற்று. ஒவ்வொரு மெஷினாக ஓய்ந்தது.

அவள் ஒரு கைத்துணியை எடுத்துத் தடவிப் பார்த்தாள். இடது. இன்னொன்று, அதுவும் இடது. அடி அடுக்கு வரை எல்லாமே இடது கை. ரோலில் மிச்சமிருந்த துணி வலது கைகளுக்குப் போதாது என்பது பார்த்தாலே தெரிந்தது.

முதலாளியம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "யார் விரிச்சது?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான் மேடம்" என்றார் விரிப்பண்ணன். "கேக்காம விரிச்சுட்டேன்."

"இத்தனை வருஷத்துல கேக்காம விரிச்சதே இல்லையே. ஏன் கேக்கலை?"

அவர் தரையைப் பார்த்தார். அந்த மனிதர் தன் பிழைப்பையே பணயம் வைத்துப் பேசாமல் நிற்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் கேட்டார்கள் இவரை?

"அவங்களைத் திட்டாதீங்க மேடம்" என்றாள் சின்னக் கத்திரி. "அக்கா பாவம். உடம்பு முடியாம இருந்து வந்தவங்க."

பாவமாம்! கையிலிருந்த சாக்குக்கட்டி கத்திரியின் பிடியில் இரண்டாக உடைந்தது.

"முடியாம இருந்தான்னா யாரு என்கிட்ட வந்து முழுசா சரியாயிடுச்சுன்னு சொன்னது?" என்றார் முதலாளியம்மா. "வாரண்டி குடுத்தவரையே கூப்பிடுறேன், வந்து சொல்லட்டும்."

கணவன் பக்கத்துத் தெருவில்தான் வேலையாக இருந்தான். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தான். கையெல்லாம் கிரீஸ், முகம் பேயறைந்ததுபோல். "என்னாச்சு? விழுந்துட்டாளா?" என்றுதான் கேட்டான். அவள் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் மூச்சு வந்தது. முதலாளியம்மா ஒரு கைக்கட்டை அவன் முன்னால் போட்டு நடந்ததைச் சொன்னார். "இவங்களுக்கு இன்னும் உடம்பு சரியாகலையா? உள்ளதைச் சொல்லுங்க" என்றார்.

"ஐயய்யோ, அதெல்லாம் இல்ல மேடம்" என்றான் அவன் அவசரமாக. "உடம்புக்கு ஒண்ணுமே இல்ல. ரிப்போர்ட் எல்லாம் சுத்தம். ஏதோ கவனக்குறைவு, அவ்வளவுதான். இனிமே கவனமா இருக்கச் சொல்றேன்."

கவனக்குறைவு. அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று, அந்த வார்த்தையை, அவளைப் பார்த்து! கட்டியவன் சொல்கிறான்! மாதக்கணக்காக அவள் மென்று விழுங்கியதெல்லாம் ஒரே சமயத்தில் தொண்டைக்கு ஏறியது.

"என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க."

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"கவனக்குறைவா? எனக்கா? என் வேலையில ஒரு கோணல் காட்டுங்க பார்க்கலாம்! அந்த வெட்டை எடுத்துப் பாருங்க, வளைவைப் பாருங்க! பொண்டாட்டியைத் துப்புகெட்டவள்னு ஊர் முன்னால சொல்லுவீங்க, களைச்சுப் போயிருக்கான்னு மட்டும் சொல்ல மாட்டீங்க, இல்ல? அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில வராது!"

"மெதுவா பேசு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எல்லாரும் கேட்டுக்கோங்க. நான் தூங்கிக்கிட்டு இருந்தேன். அங்கே, ரோலுக்குப் பின்னாடி, செருப்போட. அதனாலதான் அண்ணன் கேக்கலை. எழுப்ப மனசு வரலை அவருக்கு. தினமும் அங்கதான் தூங்குறேன். மாடிப்படியில உக்கார்றேன். எனக்கு முடியலை. நோய் போயிடுச்சு, களைப்பு போகலை. டாக்டர் அன்னைக்கே சொன்னாரு, இது இருக்கும்னு. நீங்க எங்க இருந்தீங்க? வெளியே நின்னு உங்க அக்காவுக்குப் போன் போட்டுக்கிட்டு இருந்தீங்க!" அவள் திரும்பினாள். "அண்ணே, உங்களையும்தான் கேக்குறேன். யாரு உங்களை எழுப்ப வேணாம்னு சொன்னது? நான் என்ன செத்தா போயிட்டேன்? தூங்கிக்கிட்டுத்தானே இருந்தேன்? தோளைத் தட்டி முகமா முதுகான்னு கேட்டா ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திரும்பப் படுத்திருப்பேன்ல! ஆளாளுக்கு எனக்கு நல்லது பண்றீங்க. ஒருத்தராவது என்னைக் கேட்டுப் பண்றீங்களா?"

விரிப்பண்ணன் கண்கள் கலங்கிவிட்டன. அவளுக்கு அதைப் பார்த்ததும் இன்னும் எரிச்சலாகத்தான் இருந்தது.

கணவன் கிட்டே வந்தான். குரல் தாழ்ந்துபோயிருந்தது. "மொதல்லயும் இப்படித்தானே ஆரம்பிச்சுது. களைப்பா இருக்கு, களைப்பா இருக்குன்னுதானே நீ சொன்னே. அப்புறம்தானே கட்டின்னாங்க. இப்ப நீ அந்த வார்த்தையைச் சொன்னாலே எனக்கு..." கிரீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

இது அவளுக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவன் வெளிறக் கூடாதே என்று படியில் உட்கார்ந்தாள், அவன் தூங்கட்டுமே என்று எழுப்பாமல் விழித்துக் கிடந்தாள்.

"உங்களுக்குப் பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க" என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. "நல்லாத்தானே இருக்கேன்னு என் தலையில கட்டாதீங்க. என் களைப்பைத் தூக்கவே எனக்குத் தெம்பில்ல. உங்க பயத்தையும் நானே தூக்கிக்கிட்டு மாடி ஏறணுமா?"

கோபப்பட்டதில் அவளிடம் இருந்த தெம்பெல்லாம் செலவாகிவிட்டது. பட்டன் பக்கத்திலிருந்து அந்த நாற்காலியைத் தானே இழுத்து வந்து, வெட்டு மேசையின் தலைமாட்டில் போட்டு, எல்லாரும் பார்க்க உட்கார்ந்தாள். "மேடம், இனிமே இது இங்கதான் கிடக்கும். காலையில நான் வெட்டுறேன். டீக்குப் பிறகு என்னால முடியாது. முடியும்னு சொன்னா அது பொய். உங்களுக்குச் சரிப்படலைன்னா சொல்லிடுங்க, கையுறையைக் கழட்டி வச்சுட்டுப் போறேன்."

முதலாளியம்மா கைக்கட்டுகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் கடுகடுப்பு குறையவில்லை. "இதை வர்றப்பவே சொல்லியிருந்தா இவ்வளவு துணி பாழாயிருக்காது" என்றார். "காலையில உன் மேசை, மத்தியானம் இவ மேசை. இந்த ஆர்டர் முடியட்டும். அதுவரைக்கும் பாக்குறேன், அதுக்கு மேல எதுவும் சொல்ல மாட்டேன்." சின்னக் கத்திரி தலையாட்டினாள். பாதி மேசை போயிற்று. அது போனதில் கத்திரிக்கு வயிறு எரியத்தான் செய்தது. எரியாமல் எப்படி இருக்கும்?

வலது கைக்கான அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். விரிப்பண்ணன் மிச்சத் துணியைத் தோளில் தூக்கிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"முகமா, முதுகா?" என்றார், கேட்டும் கேட்காத குரலில்.

"முதுகு. வலது மட்டும்தானே வேணும்" என்றாள். "சத்தமா கேளுங்கண்ணே. தூங்குறவளுக்கும் கேக்கணும்."

மத்தியானம் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கணவன் வேனோடு வந்தான். பின்னால் யாருடையதோ பழைய கம்ப்ரஸர் உருண்டுகொண்டிருந்தது. முதல் திருப்பம் வருவதற்குள் அவள் தூங்கிப்போனாள். கண் விழித்தபோது வேன் வீட்டு வாசலில் நின்றிருந்தது, இன்ஜின் அணைந்திருந்தது, அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். எதிர் வீட்டு நிழல் தெருவின் இந்தப் பக்கம் வரை வந்துவிட்டிருந்தது.

"வந்து எவ்வளவு நேரமாச்சு?"

"கொஞ்ச நேரம் ஆச்சு."

"எழுப்பலையா?"

"எழுப்ப மனசு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். அவள் முறைப்பது பக்கவாட்டில் தெரிந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்ப்ரஸரைப் பற்றிக் கேட்கிறவன்போலக் கறாராகக் கேட்டான். "உள்ளே வந்து படுக்குறியா, இங்கயே இன்னும் கொஞ்ச நேரம் தூங்குறியா?"

அவள் யோசித்தாள். வாசல் படி மூன்று. அதற்கு மேல் நாத்தனார். "இங்கயே" என்றாள்.

சொல்லி வாய் மூடுவதற்குள் நாத்தனாரே வாசலுக்கு வந்துவிட்டாள். கையைப் பிசைந்துகொண்டு வேன் ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். "என்னடா இது, இந்த நேரத்துல? ஏன் இவ படுத்திருக்கா? மறுபடியும் ஏதாவதா? நல்லாத்தானே இருந்தா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்கா. அந்த வாக்கியம் வந்தால் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடந்தேவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள், எங்கே என்று தெரியாவிட்டாலும்.

இருக்கை கிரீச்சிட அவன் ஜன்னல் பக்கம் திரும்புவது கேட்டது.

"அவளுக்குக் களைப்பா இருக்குக்கா" என்றான். "எனக்குப் பயமா இருக்கு. நீ கொஞ்சம் உள்ளே போ."

நாத்தனாரின் முகத்தை அவள் கண்ணைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டாள். இமை எழவில்லை. அவன்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டதா என்று உள்ளே தடவிப் பார்த்தாள். தீரவில்லை. கவனக்குறைவு என்றானே, அதற்கு இன்னும் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. தூங்கி எழுந்து கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்கையில் இன்னும் கொஞ்சம் சரிந்து படுத்தாள்.